வீட்டு ஏ4 பிரிண்டர்லயே பெரிய போர்டு அடிக்கிறது எப்படி

வீட்ல இட்லி மாவு ஆட்டி விக்கிறீங்க, தெருவுல போறவங்களுக்கு தெரியுற மாதிரி வாசல்ல ஒரு போர்டு வேணும். இல்ல டியூஷன் எடுக்குறீங்க, வளைகாப்பு வீட்டுக்கு முனையில வழி காட்ட ஒரு அம்புக்குறி வேணும். இதுக்கெல்லாம் நேரா ஃப்ளெக்ஸ் கடைக்குத்தான் போகணும்னு நெனச்சுக்கிறோம். ஃப்ளெக்ஸ் மக்காத பிளாஸ்டிக், விசேஷம் முடிஞ்சா சுருட்டி பரண்ல போடத்தான் ஆகும். வீட்ல பசங்க ப்ராஜெக்டுக்கு வச்சிருக்கிற சாதா ஏ4 பிரிண்டர்லயே ரெண்டரை அடி அகல போர்டை தாராளமா அடிக்கலாம், பல ஷீட்டா அடிச்சு ஒட்டணும், அவ்வளவுதான். நான் மாவு போர்டையே உதாரணமா வச்சு சொல்றேன், உங்களுக்கு வேண்டியதை மாத்திக்கோங்க.

முதல்ல பேப்பரை பத்தி யோசிக்காதீங்க, எவ்ளோ தூரத்துல இருந்து படிக்கணும்னு பாருங்க. போர்டு வேலைல பொதுவா சொல்ற கணக்கு, 10 அடி தூரத்துக்கு 1 இன்ச் உயர எழுத்து. எதிர் வரிசை வாசல்ல நிக்கிறவங்க 30 அடில இருக்காங்கன்னா 3 இன்ச். ஆனா இது இங்கிலீஷ் பெரிய எழுத்துக்கு சரியா வர்ற கணக்கு. நம்ம எழுத்துல சுழி, கொம்பு, புள்ளின்னு உள்ளுக்குள்ள நிறைய வேலை இருக்கு, அதனால நான் எப்பவும் ஒன்றரை மடங்கு வச்சுப்பேன், அதாவது நாலரை இன்ச், கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர். இந்த உயரத்தை 'ட' எழுத்தை வச்சு அளங்க, 'லி'யோட மேல் வளைவு வரைக்கும் சேர்த்து அளந்தா ஏமாந்துடுவீங்க.

எழுத்து இவ்ளோ பெருசாகணும்னா வார்த்தை குறையணும். "இங்கு சுத்தமான முறையில் தயாரிக்கப்பட்ட இட்லி தோசை மாவு கிடைக்கும்"னு எழுதுனா பைக்ல போறவர் முதல் வார்த்தையை தாண்டுறதுக்குள்ள வீட்டையே தாண்டிடுவார். "இட்லி" ஒரு வரி, "மாவு" ஒரு வரி, கீழ சின்னதா நேரம், பக்கத்துல ஒரு அம்புக்குறி. போர்டு வச்சிருந்தாலே கிடைக்கும்னுதான் அர்த்தம், அந்த வார்த்தையே வேணாம்.

ஃபான்ட் விஷயத்துல ரொம்ப தடியானதை எடுத்துடாதீங்க. கிட்ட பாக்க கம்பீரமா இருக்கும், ஆனா தூரத்துல 'ண', 'ஞ' மாதிரி எழுத்துல உள்ள இருக்கிற இடைவெளி அடைச்சு ஒரே கறுப்பு கட்டியா தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், பலூ தம்பி எல்லாம் இலவசமா கிடைக்குது, மூணுமே யூனிகோட், நடுத்தர தடிமன்ல எடுத்தா போர்டுக்கு நல்லா வரும். இன்னொண்ணு புள்ளி. "இட்லி"ல இருக்கிற 'ட்' புள்ளி 30 அடில காணாமலே போயிடும். ஒரு கறுப்பு வட்டம் வரைஞ்சு ஃபான்டோட புள்ளி மேலயே, அதை விட கொஞ்சம் பெருசா வச்சிடுங்க. சின்ன வேலைதான், ஆனா போர்டு சட்டுனு தெளிவாயிடும்.

இப்ப பேப்பர் கணக்கு. ஏ4 ஷீட் 210க்கு 297 மில்லிமீட்டர். ரெண்டு ஏ4 சேர்ந்தா ஏ3, நாலு சேர்ந்தா ஏ2, எட்டு சேர்ந்தா ஏ1, 16 சேர்ந்தா ஏ0, அதாவது ஒரு சதுர மீட்டர். இதை பாத்துட்டு "ஏ1 சைஸ்ல டிசைன் பண்ணி எட்டு ஷீட்ல அடிச்சிடலாம்"னு இறங்குனா 15 ஷீட் கேக்கும். ஏன்னா சாதா பிரிண்டர் பேப்பர் ஓரம் வரைக்கும் அடிக்காது, சுத்தி 3ல இருந்து 5 மில்லிமீட்டர் வெள்ளையா விடும், சில பழைய மாடல் கீழ்ப்பக்கம் இன்னும் அதிகமா விடும். போதாததுக்கு ஷீட்டும் ஷீட்டும் ஒட்டுறதுக்கு ஒரு 10 மில்லிமீட்டர் ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும். அதனால ஒரு ஷீட்ல நெஜமா அடிக்கிற இடம் 200க்கு 287னு வச்சுக்கோங்க. அகலத்துல நாலு ஷீட் வச்சா 800ல இருந்து மூணு ஒட்டுக்கு 30 போயி 770. உயரத்துல ரெண்டு ஷீட், 574ல 10 போயி 564. ஆக டிசைனை 77 சென்டிமீட்டர் அகலம், 56 சென்டிமீட்டர் உயரத்துல பண்ணுங்க, எட்டே ஷீட்ல கச்சிதமா உக்காரும். ஷீட் கணக்கு மாத்தணும்னாலும் இதே மாதிரி போட்டுக்கோங்க, டிசைன் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடுறது நல்லது.

டிசைன் பண்ண பவர்பாயின்டே போதும். ஸ்லைட் சைஸ்ல கஸ்டம் போயி 77, 56னு குடுங்க, தாராளமா ஏத்துக்கும். வேர்ட்ல இது நடக்காது, அதுல பக்கத்தோட நீளம் 22 இன்ச்சுக்கு மேல போகாது. வேர்ட்தான் பழக்கம்னா பாதி சைஸ்ல பண்ணிட்டு பிரிண்ட்ல 200 சதவீதம் வச்சுக்கலாம். தெரிஞ்சவங்களுக்கு இங்க்ஸ்கேப், லிப்ரே ஆபிஸ் டிரா எல்லாம் இன்னும் வசதி. எழுத்து சரியா 11 சென்டிமீட்டர் வந்துச்சான்னு பாக்க பக்கத்துல 11 சென்டிமீட்டர் உயரத்துல ஒரு கட்டம் வரைஞ்சு வச்சுக்கிட்டு 'ட' அந்த கட்டத்தோட உயரத்துக்கு வர்ற வரைக்கும் ஃபான்ட் சைஸை ஏத்திக்கிட்டே போங்க, அப்புறம் கட்டத்தை அழிச்சிடுங்க. ஒரு மூலையில 10 சென்டிமீட்டர் கோடு ஒண்ணு போட்டு விடுங்க, அது எதுக்குன்னு கீழ வரும். முடிஞ்சதும் பிடிஎஃப்பா சேவ் பண்ணுங்க.

அந்த பிடிஎஃப்பை கம்ப்யூட்டர்ல இலவச அடோபி ரீடர்ல திறந்து பிரிண்ட் குடுத்தா சைஸ் பக்கத்துல போஸ்டர்னு ஒரு பட்டன் இருக்கும். அதுல ஸ்கேல் 100, ஓவர்லேப் 10 மில்லிமீட்டர், இன்ச்ல கேட்டா 0.4, கட் மார்க்ஸ் (எங்க வெட்டணும்னு காட்டுற கோடு), லேபிள்ஸ் ரெண்டையும் டிக் பண்ணுங்க. லேபிள் போட்டா எந்த ஷீட் எந்த இடம்னு ஓரத்துல சின்னதா அச்சாகும், எட்டு ஷீட்டும் ஒரே மாதிரி கறுப்பு வளைவா தரையில கிடக்கும்போது அதோட அருமை தெரியும். பக்கத்துல பிரிவியூல எத்தனை ஷீட்னு காட்டும். எட்டுக்கு பதிலா 12, 15னு காட்டுனா பயப்படாதீங்க, பேப்பரை நெட்டையா கிடையா மாத்தி பாருங்க, அப்பவும் வரலைன்னா ஸ்கேலை 98, 97னு இறக்குங்க, ஒரு வரிசையே குறைஞ்சிடும். ரீடர் வேணாம்னா நிறைய பிரிண்டர் டிரைவர்லயே (பிரிண்டரோட செட்டிங் திறக்குற சாஃப்ட்வேர்) போஸ்டர்னு ஒரு லேஅவுட் இருக்கும், விண்டோஸ் பெயின்ட்ல கூட பேஜ் செட்டப்ல 4க்கு 2 பக்கம்னு குடுக்கலாம், ஆனா ஓவர்லேப் நம்ம இஷ்டத்துக்கு வைக்க ரீடர்தான் வசதி.

பேப்பர் எதுன்னு கேட்டா என் பதில் மஞ்சள் கலர் ஏ4. ஸ்டேஷனரி கடையில கலர் பேப்பர் கேளுங்க. மஞ்சள் மேல கறுப்பு மாதிரி தூரத்துக்கு எடுப்பா தெரியுற ஜோடி கம்மி, அதோட கலர் இங்க் ஒரு சொட்டு செலவாகாது. வெள்ளை பேப்பர்ல மஞ்சள் பின்னணியை பிரிண்டரை வச்சு அடிக்கிறது வீண், இங்க்கும் போகும், பேப்பரும் ஈரத்துல நெளியும், ஷீட்டுக்கு ஷீட் நிறமும் கொஞ்சம் மாறும். சிவப்பு எழுத்து ஆசை இருந்தா வீட்டுக்குள்ள வைக்கிற போர்டுக்கு ஓகே, சாதா கலர் இங்க்ல அடிச்ச சிவப்பு வெயில்ல சீக்கிரம் வெளுத்துடும்.

மொத்தமா அடிக்கிறதுக்கு முன்னாடி அந்த 10 சென்டிமீட்டர் கோடு இருக்கிற ஷீட்டை மட்டும் அடிச்சு ஸ்கேல் வச்சு அளந்து பாருங்க. ஸ்கேலை இறக்காமலே 9.6, 9.7னு வந்தா எங்கயோ ஃபிட் டு பேஜ் (பக்கத்துக்கு ஏத்த மாதிரி சுருக்குறது) ஆன்ல இருக்கு, டிரைவர்ல போயி ஆஃப் பண்ணிட்டு வாங்க. ட்ரேல இருக்கிற பக்கவாட்டு தாங்கியை பேப்பரோட ஒட்டி நிறுத்துங்க, லூஸா இருந்தா பேப்பர் லேசா கோணலா போகும், ஒரு ஷீட்ல அரை மில்லிமீட்டர் கோணல் எட்டாவது ஷீட்ல பெரிய பள்ளமா நிக்கும். எல்லா ஷீட்டும் ஒரே கட்டுல இருந்து, ஒரே பக்கமா வச்சு அடிங்க. இங்க்ஜெட்னா அடிச்சதும் அடுக்கி வைக்காம பரப்பி விடுங்க, ராத்திரி முழுக்க காயட்டும். ஈரத்துல பேப்பர் லேசா விரிஞ்சிருக்கும், அப்பவே ஒட்டுனா காஞ்சப்புறம் சுருக்கம் விழும்.

ஒட்டுற இடம்தான் போர்டோட உயிர், இதுல அவசரப்படாதீங்க. சாதாரண முறை என்னன்னா, ஒவ்வொரு ஒட்டுலயும் ஒரு ஷீட்டோட ஓரத்தை மட்டும்தான் வெட்டணும், இன்னொண்ணு பசை தடவுற பட்டையா இருக்கணும். நான் இடது ஓரத்தையும் மேல் ஓரத்தையும் வெட்டுவேன், அப்ப ஒவ்வொரு ஷீட்டும் தனக்கு இடப்பக்கம் இருக்கிற ஷீட் மேல ஏறி உக்காரும், கீழ் வரிசை மேல் வரிசை மேல உக்காரும். ஜன்னல் கண்ணாடில ரெண்டு ஷீட்டையும் வச்சு வெளிச்சத்துல பாத்தா அடியில இருக்கிற எழுத்தோட கோடு தெரியும், அதோட சேர்த்து வச்சா போதும். பேப்பர் ஓரத்தை வச்சு சேர்க்காதீங்க, எழுத்தோட விளிம்பை வச்சு சேருங்க, கண்ணு பாக்கப்போறது எழுத்தைத்தான்.

ஒட்டே தெரியக்கூடாதுன்னா இன்னொரு வழி இருக்கு, வால்பேப்பர் ஒட்டுறவங்க செய்றது. ரெண்டு ஷீட்டையும் ஒண்ணு மேல ஒண்ணா எழுத்து பொருந்துற மாதிரி வச்சு நகராம ரெண்டு முனையிலயும் டேப் போடுங்க. அடியில ஒரு அட்டை. 10 மில்லிமீட்டர் பட்டையோட நடுவுல ஸ்டீல் ஸ்கேலை அழுத்தி வச்சு புது பிளேடு போட்ட கட்டரால ரெண்டு பேப்பரையும் சேர்த்து ஒரே இழுப்பா இழுங்க. மேல ஒரு கீற்று, அடியில ஒரு கீற்று கழண்டு வரும், ரெண்டையும் எடுத்துட்டு பின்பக்கம் டேப் போடுங்க. ரெண்டு ஓரமும் ஒரே வெட்டுல வந்ததால மயிரிழை இடைவெளி கூட இருக்காது, மேடும் இருக்காது. பிளேடு மழுங்கி இருந்தா மட்டும் பேப்பர் பிஞ்சிடும், அதுல கஞ்சத்தனம் வேணாம். முதல்ல ஒவ்வொரு வரிசையா சேத்துட்டு அப்புறம் ரெண்டு வரிசையையும் ஒண்ணா சேருங்க.

பின்னாடி தாங்க 5 எம்எம் சன் போர்டு (லேசான பிளாஸ்டிக் நுரைப் பலகை) இருந்தா அருமை, இல்ல டிவி வந்த அட்டைப்பெட்டியே போதும். ஃபெவிகால் மாதிரி தண்ணி கலந்த பசையை முழுசா தடவுனா பேப்பர் அலை அலையா எழும்பும், க்ளூ ஸ்டிக்கோ டபுள் சைடு டேப்போ போதும். நடுவுல இருந்து ஓரத்துக்கு துணியால தேச்சுக்கிட்டே ஒட்டுங்க.

வெளியில வைக்கிற போர்டுக்கு தண்ணிதான் எதிரி. லேசர் பிரிண்டர் டோனர் சூட்டுல உருகி பேப்பர்ல ஒட்டுற பிளாஸ்டிக் பொடி, நனைஞ்சாலும் ஓடாது, ஆனா பேப்பர் ஊறும். இங்க்ஜெட்ல தண்ணில கரையுற சாதா டை இங்க்னா (சாய மை) ஒரு தூறலுக்கே வழிஞ்சிடும். ஏ4 ஏ4ஆ லேமினேஷன் பண்ணிட்டு ஒட்டலாம்னு தோணும், பண்ணாதீங்க, ஓரம் வெட்டுன இடத்துல எல்லாம் தண்ணி உள்ள போகும், ஒட்டும் பளபளன்னு தனியா தெரியும். முழு போர்டையும் ஒட்டி முடிச்சதுக்கு அப்புறம் ரெண்டு இன்ச் ட்ரான்ஸ்பரன்ட் பேக்கிங் டேப்பை கீழ இருந்து ஆரம்பிச்சு ஒவ்வொரு வரியும் கீழ் வரி மேல லேசா ஏறுற மாதிரி போட்டுக்கிட்டே மேல வாங்க, கூரைக்கு ஓடு வேயுற மாதிரி, அப்பத்தான் தண்ணி ஒட்டுக்குள்ள இறங்காம வழிஞ்சு போகும். நாலு ஓரத்துலயும் டேப்பை பின்பக்கம் மடிச்சு ஒட்டிடுங்க. ஐப்பசி மழைக்கு இது தாங்கும்.

வருஷக்கணக்கா நிக்கணும்னா பேப்பரை போர்டாவே வைக்காதீங்க, அச்சா பயன்படுத்துங்க. எனக்கு ரொம்ப புடிச்ச வழி இதுதான். பவர்பாயின்ட்ல எழுத்துக்கு ஃபில் இல்லாம வெறும் அவுட்லைன் மட்டும் வச்சு அடிங்க, இங்க் செலவே இருக்காது. எட்டு ஷீட்டையும் சேத்து, பின்பக்கம் கோடு வர்ற இடத்துல சாக்பீஸை நல்லா தேச்சு (வெள்ளை சுவர்னா பென்சில்), சுவர்லயோ ப்ளைவுட்லயோ டேப் போட்டு நிறுத்தி பால் பாயின்ட் பேனாவால கோட்டு மேலயே அழுத்தி வரைங்க. பேப்பரை எடுத்தா எழுத்து சுவர்ல லேசா பதிஞ்சிருக்கும், அதுக்குள்ள எனாமல் பெயின்ட் அடிச்சா முடிஞ்சது. கை நடுங்குறவங்க கூட ஓவியர் எழுதுன மாதிரி எழுதிடலாம், ஒட்டு சரியா வரணும்ங்கிற கவலையும் பாதி போச்சு.

படம் போடணும்னா ஃபைல் பெருசா இருக்கணும். 77 சென்டிமீட்டர் அகலத்துக்கு 3000 பிக்சல் இருந்தா போதும், தூரத்துல பாக்கிறதுக்கு 300 டிபிஐ (ஒரு இன்ச்சுக்கு 300 புள்ளி) எல்லாம் தேவையில்ல. வாட்சப்ல போட்டோவா வந்தது சுருங்கி வந்திருக்கும், அனுப்புறவங்களை டாக்குமென்டா அனுப்ப சொல்லுங்க.

ஒத்தை வரி அம்புக்குறி போர்டுக்கு ஒட்டவே வேணாம். சில இங்க்ஜெட் பிரிண்டர்ல கஸ்டம் பேப்பர் சைஸ்ல நீளத்தை ஒரு மீட்டருக்கு மேல கூட குடுக்கலாம், உங்க மாடலோட எல்லை டிரைவர்ல போட்டு பாத்தா தெரியும். ரோல் பேப்பரை 21 சென்டிமீட்டர் அகலத்துக்கு வெட்டி பின்பக்க ட்ரேல விட்டு, முன்னாடி வர்ற நுனியை கையில தாங்கி பிடிச்சுக்கோங்க, இழுக்காதீங்க. லேசர்ல இதை முயற்சி பண்ண வேணாம்.

போர்டை உங்க கேட்லயோ காம்பவுண்டுலயோ மாட்டுங்க. கரண்ட் கம்பம், பொதுச்சுவர்ல ஒட்டக்கூடாது, அதுக்கு தமிழ்நாட்டுல 1959லயே சட்டம் இருக்கு. பிடிஎஃப்பையும் போட்ட செட்டிங்கையும் பத்திரமா வச்சுக்கோங்க, நாளைக்கு ஒரு மூலை கிழிஞ்சாலோ நேரம் மாறுனாலோ அந்த ஷீட்டை மட்டும் திரும்ப அடிச்சு அதே இடத்துல ஒட்டி, மேல டேப் போட்டுக்கலாம்.