கோலமாவும் புளியங்கொட்டையும்: பள்ளி எல்லையை ஊரோடு சேர்ந்து திருத்துவது எப்படி?

நம்ம பக்கம் அரசுப் பள்ளிக்கு எல்லை என்றால், எந்தெந்தக் குடியிருப்புப் பிள்ளைகளுக்கு எந்தப் பள்ளி பொறுப்பு என்ற பட்டியல்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 2011 தமிழ்நாடு விதிகள்படி ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ.க்குள்ளும், ஆறு முதல் எட்டு வரை 3 கி.மீ.க்குள்ளும் பள்ளி இருக்க வேண்டும். ஆனால் பட்டியல் போட்ட பிறகு புது வீட்டுமனைகள் வந்துவிடும், பாதை மாறிவிடும். திருத்தச் சொல்லிக் கேட்கும் வேலை பள்ளி மேலாண்மைக் குழுவில் யார் தலையிலாவது விழும். போன வருடம் என் தலையில் விழுந்தது. முதல்முறை செய்கிறவர்களுக்காக, செய்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

படி 1: கணக்கை வாங்குங்கள்

பள்ளிக்கு உட்பட்ட குடியிருப்புகள் எவை, ஒவ்வொன்றிலிருந்தும் வகுப்புவாரியாக எத்தனை பிள்ளைகள் என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். எண்ணிக்கை போதும், பெயரும் சாதியும் வேண்டாம். பக்கத்துப் பள்ளிக்கும் இதே கணக்கு. உதவி பெறும் பள்ளிகளை விட்டுவிடாதீர்கள், நெல்லைச் சீமையில் அவை நிறைய.

படி 2: தரையில் வரையுங்கள்

நான் முதலில் செல்போன் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு போனேன். எல்லாரும் எட்டிப் பார்த்துவிட்டு, சரி சரி என்று போய்விட்டார்கள். மறுவாரம் பள்ளி முற்றத்தைப் பெருக்கி, நான்கு பெண்கள் கையில் கோலமாவைக் கொடுத்தோம். அரை மணி நேரத்தில் சாலை, குளம், கோயில், ஊர் எல்லாம் தரையில் வந்துவிட்டது. கால்வாய்க்கு நீலப்பொடி. ஒரு பிள்ளைக்கு ஒரு புளியங்கொட்டை என்று அந்தந்தக் குடியிருப்பில் வைத்தோம்.

அப்போதுதான் ஓர் அக்கா வந்து, கால்வாயைக் கடந்த வெள்ளைக் கோட்டைக் காலாலேயே அழித்தார். "இந்தப் பாலம் டிசம்பர் வெள்ளத்தோட போயிட்டு அண்ணாச்சி. நீங்க இன்னும் போட்டு வச்சிருக்கிய." 2023 வெள்ளத்தைச் சொன்னார். என் தாளில் 800 மீட்டராக இருந்த தூரம் சுற்றிப்போனால் 2 கி.மீ.க்கு மேல்.

படி 3: நடந்து பாருங்கள்

காலை எட்டரைக்கு, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்றோடு, அதன் வேகத்தில் நடங்கள். தூரத்தைப் போன் சொல்லும். லாரி திரும்பும் இடம், ரயில்வே கேட், நாய்கள் படுத்திருக்கும் முடுக்கு இதெல்லாம் நடந்தால்தான் தெரியும். முடிந்தால் ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னொரு முறை.

படி 4: கொட்டையை நகர்த்தி எண்ணுங்கள்

புதியவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 முதல் 90 வரை மூன்று, 91 முதல் 120 வரை நான்கு என்கிறது சட்டம். 63 பிள்ளைகள் உள்ள பள்ளியிலிருந்து ஒரு சின்னத் தெருவை, நான்கே நான்கு கொட்டைகளை, நகர்த்தினால் அங்கே ஓர் ஆசிரியர் பணியிடம் ஆட்டம் காணும். ஆகஸ்ட் 1 எண்ணிக்கையை வைத்துத்தான் பணியிடம் நிர்ணயிப்பார்கள். ஆக, தருகிற பள்ளி, பெறுகிற பள்ளி இரண்டையும் எண்ணிவிட்டுக் கோட்டைப் போடுங்கள்.

படி 5: கூட்டம் போடுங்கள்

குழுவில் முக்கால் பங்கு பெற்றோரும், பாதிப் பேர் பெண்களும் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவர்களைப் பேசவைப்பது நம் சாமர்த்தியம். முக்கூடல், மேலப்பாளையம் போல பீடி சுற்றும் ஊர் என்றால், கடையில் பீடி கொடுக்கப் போகும் நேரத்தில் கூட்டம் வைக்காதீர்கள். பிசானப் பருவ நெல் நடவு நாட்களும் வேண்டாம். எல்லாரும் பள்ளிக்கே வரட்டும் என்றிராமல் ஒவ்வொரு தெருவிலும் அரை மணி நேரம் உட்காருங்கள்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். "அந்தத் தெருப் பிள்ளைய இங்க எதுக்கு?" என்று ஒருவர் கேட்பார். தூரத்தைப் பற்றிய கேள்வி அல்ல அது என்பது கூட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் வீட்டுக்குள்ளேயே, கூடப் படித்தவர்களால் வெட்டப்பட்டதைப் பார்த்த மாவட்டம் இது. தெருவைப் பிரித்துக் கோடு போட்டால் அந்தப் பிரிவை நாமே பள்ளிக்குள் கொண்டுபோகிறோம். தூரம், பாதை, இடவசதி மூன்றைத் தவிர வேறு காரணம் குறிப்பேட்டில் ஏறாது என்று கூட்டம் தொடங்கும்போதே சொல்லிவிடுங்கள். எங்கள் ஊரில் இரண்டு பேர் எழுந்து போனார்கள். போகட்டும் என்று விட்டோம்.

படி 6: தீர்மானமும் மனுவும்

குழுத் தீர்மானம், அப்புறம் கிராம சபைத் தீர்மானம், இரண்டின் நகலோடும் வட்டாரக் கல்வி அலுவலரிடம் மனு. முடிவு துறையுடையது. மாற்றம் அடுத்த ஜூனில் ஒன்றாம் வகுப்பு சேரும் பிள்ளைகளுக்கு மட்டும், ஏற்கெனவே படிக்கிற பிள்ளையின் தம்பி தங்கைக்கு விலக்கு என்று இரண்டு வரி சேருங்கள். பாதி எதிர்ப்பு அங்கேயே அடங்கும். பதில் வராவிட்டால் திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டம் இருக்கிறது. போகும்போது தரைக்கோலத்தின் போட்டோவை எடுத்துப் போங்கள். புளியங்கொட்டை தெரிகிற மாதிரி, மாடியிலிருந்து எடுத்தது.