சல்பைடு மூட்டையை ஏற்றுமதி செய்யுமுன்: ஸ்கோமெட் பார்ப்பது எப்படி?

ராணிப்பேட்டை, வாணியம்பாடி பக்கம் சோடியம் சல்பைடை அறியாத தோல் ஷாப் கிடையாது. சுண்ணாம்போடு சேர்த்துத் தோலில் முடி கழற்றும் சரக்கு. நாற்றம் தெருமுனைவரை வரும். அதே சல்பைடு ரசாயன ஆயுத மூலப்பொருள் பட்டியலிலும் இருக்கிறது! இரான்–இராக் போரில் இராக் விஷவாயு வீசிய பிறகு, ரசாயன, உயிரியல் ஆயுதம் பரவாமல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தப் பல நாடுகள் சேர்ந்து 1985-இல் உருவாக்கிய ஆஸ்திரேலியா குழுவின் பட்டியல் அது. இந்தியா 2018-இல் அந்தக் குழுவில் சேர்ந்தது. ஆயுதத்துக்கும் பயன்படக்கூடிய சரக்குகளின் ஏற்றுமதிக்கு இந்தியா வைத்திருக்கும் கட்டுப்பாட்டுப் பட்டியல்தான் ஸ்கோமெட்.

முதன்முதலாக ரசாயனம் ஏற்றுமதி செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: மூட்டையில் உள்ள பெயரை நம்பாதீர்கள். ஒரே சரக்குக்குப் பத்துப் பெயர் இருக்கும். ஒவ்வொரு ரசாயனத்துக்கும் தனியாக உள்ள சிஏஎஸ் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். சோடியம் சல்பைடுக்கு 1313-82-2.

படி 2: வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் (டிஜிஎஃப்டி) இணையதளத்தில் ஸ்கோமெட் பட்டியலை இறக்கி, பிரிவு 1-இல் அந்த எண்ணைத் தேடுங்கள். வால்வு, பம்பு அனுப்புகிறவர்கள் பிரிவு 3-ஐப் பாருங்கள். இருந்தால், அனுமதி இல்லாமல் சரக்கு நகரக் கூடாது.

படி 3: கடைசியில் யார் பயன்படுத்தப் போகிறார் என்று கேளுங்கள். பலரும் முகவரின் விலாசத்தோடு விட்டுவிடுகிறார்கள். 2003 அக்டோபரில் லிபியாவுக்குப் போன பிபிசி சைனா கப்பலை இத்தாலியில் சோதித்தபோது, யுரேனியம் செறிவூட்டும் கருவியின் பாகங்கள் கிடைத்தன. மலேசியாவில் செய்து, துபாய் வழியாகப் போனவை. பின்னால் இருந்தது பாகிஸ்தான் அணு விஞ்ஞானி ஏ. க்யூ. கானின் கள்ளச்சந்தைக் கூட்டம். காகிதத்தில் எல்லாம் சாதாரண வியாபாரம்தான். தோல் ஷாப்பே இல்லாத ஊருக்கு டன் கணக்கில் சல்பைடு கேட்டால், ஏன் என்று கேட்கத்தான் வேண்டும்.

படி 4: பட்டியலில் இல்லையா? அப்போதும், பேரழிவு ஆயுதத்துக்குப் போகிறது என்று தெரிந்தே அனுப்பினால் இந்தியாவின் 2005-ஆம் ஆண்டுப் பேரழிவு ஆயுதச் சட்டப்படி குற்றம்.

சரி, இதெல்லாம் பலிக்கிறதா? வடகொரியா 2006-இல் முதல் அணுகுண்டைச் சோதித்ததுமே ஐ.நா. தடை வந்தது, 2017-க்குள் இன்னும் ஐந்து சோதனை நடத்திவிட்டது. லிபியா 2003 டிசம்பரில் அணு ஆயுதத் திட்டத்தையே கைவிட்டது. காரணம் தடையா, கப்பல் பிடிபட்டதா, இராக் போர் தந்த பயமா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் கணக்கில், அடம்பிடிக்கும் அரசைத் தடை நிறுத்தாது. ஆனால் வாங்குவதற்கு நாளும் காசும் கூடும்.

படி 5: விண்ணப்பம் ஆன்லைனில்தான். இறுதிப் பயனாளரின் சான்றிதழை முதலில் வாங்குங்கள், அதுதான் இழுத்தடிக்கும். அது கைக்கு வராமல் சென்னைத் துறைமுகத்தில் கன்டெய்னருக்கு இடம் போடாதீர்கள்.