சேற்றில் தடம் கண்டதும் 'புலி' என்று சொல்லிவிடாதீர்கள்

மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மழை விட்ட மறுநாள் காலை யாராவது ஒருவர் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு வருவார். "அண்ணே, இதைப் பாருங்கள், புலி!" செம்பனை நிரைகளுக்கு நடுவே, ஈரச் சேற்றில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தடம். கிழக்கே புலிகள் வாழும் தித்திவாங்சா மலைத்தொடர் நிற்கும்போது அந்தப் பயத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் என்னிடம் வந்த படங்களில் பெரும்பாலானவை நாயின் காலடிகள்தாம்.

அளவை மட்டும் வைத்து முடிவு செய்வதுதான் பெரிய தவறு. இளகிய சேற்றில் கால் அழுந்தும்போது விரல்கள் விரியும். மழை விளிம்பைக் கரைத்து இன்னும் பெரிதாக்கும். போதாக்குறைக்கு, பூனை இனங்கள் முன்கால் வைத்த இடத்திலேயே பின்காலையும் வைத்து நடக்கும். இரண்டும் சற்று விலகி விழுந்தால் சின்னப் பூனையின் தடமே நீண்டு பெரிதாகத் தெரியும். கெட்டித் தரையில் பதிந்த தடத்தையே அளந்து பாருங்கள், அதுவும் குழியின் அடிப்பகுதியை மட்டும்.

"நகம் பதியவில்லை, ஆகவே பூனை" என்பது பாதி உண்மை. வழுக்கும் மேட்டில் ஏறும்போது பூனை நகத்தை நீட்டும். நகம் தேய்ந்த நாயின் தடமோ நகமில்லாமலே பதியும். நம் சதுப்புக் காடுகளில் வாழும் தட்டைத்தலைப் பூனைக்கு நகம் முழுவதும் உள்ளே போவதே இல்லை.

நான் முதலில் பார்ப்பது பாதத்தின் நடுத்திண்டை, அதாவது விரல்களுக்குப் பின்னால் இருக்கும் பெரிய மெத்தையை. பூனைக்கு அதன் பின்விளிம்பில் மூன்று மேடுகள் தெரியும்; முன்விளிம்பு தட்டையாக இருக்கும். நாயின் திண்டு முக்கோணம் போன்றது. அடுத்து விரல்கள். உங்கள் கையை மேசைமேல் வைத்துப் பாருங்கள். நடுவிரல் முந்தி நிற்கிறது அல்லவா? பூனையின் நான்கு விரல்களில் ஒன்று அப்படித்தான் முந்தி நிற்கும். நாய்க்கு நடுவிரல்கள் இரண்டும் சமமாக நிற்கும். ஐந்து விரல்கள் பதிந்திருந்தால் பூனை என்ற பேச்சுக்கே இடமில்லை; முசாங் எனும் மரநாயாகவோ நீர்நாயாகவோ கரடியாகவோ இருக்கலாம்.

போன மழைக்காலத்தில் தோட்டத் தொழிலாளர் லயத்துக்குப் பின்னால் கோழிகள் காணாமல் போயின. கால்வாய் ஓரத்தில் ஒரு தடம். பக்கத்தில் ஐம்பது காசை வைத்தேன். நாணயத்தைவிடக் கொஞ்சம்தான் அகலம். சிறுத்தைப்பூனையாக இருக்கலாம், வீட்டுப் பூனையாகவும் இருக்கலாம். தடத்தை மட்டும் வைத்து இவ்விரண்டையும் பிரித்துச் சொல்வது சரியல்ல. அதற்குள் ஒருவர் கம்பிச் சுருக்கு வைக்கக் கிளம்பிவிட்டார். மன்றாடித் தடுத்தேன். சிறுத்தைப்பூனை நம் செம்பனைக் காட்டு எலிகளைத் தின்று வாழ்வது. சுருக்குக் கம்பிக்கோ ஆள் தெரியாது. காட்டோரத்தில் அதே கம்பியில் புலியும் மாட்டும். காட்டில் மிஞ்சியிருக்கும் மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு.

படத்தை உச்சி வெயிலில் எடுத்தால் பள்ளம் மேடு தெரியாது. காலைச் சாய்வெயிலில், நேர் மேலிருந்து, பக்கத்தில் நாணயம் வைத்து எடுங்கள். ஒரு தடத்தோடு நிறுத்தாமல் நாலைந்தை எடுங்கள். தடம் புதிதாக இருந்தால் பின்தொடர வேண்டாம். இடத்தைக் குறிப்பிட்டு வாட்ஸ்அப்பில் பரப்பவும் வேண்டாம். வேட்டைக்காரர்களும் அதைப் பார்ப்பார்கள். வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானிடம் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை மழையில் கரையாமலிருக்க, தடத்தின்மேல் ஒரு பழைய வாளியைக் கவிழ்த்து வையுங்கள்.