சார்ட் போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்: எழுத்தறிவுக் கணக்கை வைத்து ஒரு விளக்கம்

சார்ட்டைப் பார்ப்பவர் முதலில் எண்களைப் படிப்பதில்லை. உயரத்தையும் நிறத்தையும்தான் பார்க்கிறார், அதிலேயே ஒரு முடிவுக்கும் வந்துவிடுகிறார். அதனால்தான் எண்கள் எல்லாம் சரியாக இருந்தும் சார்ட் தவறான செய்தியைச் சொல்லிவிட முடிகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் எழுத்தறிவு விகிதங்களையே எடுத்துக்கொள்வோம்.

கேரளம் 94.00 சதவீதம், தமிழ்நாடு 80.09 சதவீதம். இரண்டையும் எக்செல்லில் கொடுத்து பார் சார்ட் போட்டுப் பாருங்கள். எண்கள் நெருக்கமாக இருந்தால், செங்குத்து அச்சைப் பூஜ்ஜியத்தில் தொடங்காமல் மென்பொருளே அடிப்பகுதியை வெட்டிவிடும். அச்சு 75-இல் தொடங்குகிறது என்று வையுங்கள். கேரளத்தின் பட்டை 19 அலகு உயரத்துக்கு நிற்கும், தமிழ்நாட்டின் பட்டை 5 அலகுதான். கண்ணுக்குக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு வித்தியாசம், உண்மையில் 1.2 மடங்குகூட இல்லை. பட்டையில் நீளம்தான் அளவு. ஆகவே பார் சார்ட்டில் பூஜ்ஜியத்தை விடவே கூடாது. சின்ன வித்தியாசத்தைத் தெளிவாகக் காட்டியே ஆக வேண்டும் என்றால் பட்டைக்குப் பதிலாகப் புள்ளி வையுங்கள். புள்ளியில் நாம் பார்ப்பது அது நிற்கும் இடத்தை, நீளத்தை அல்ல.

அடுத்தது பை சார்ட். பல மாநிலங்களின் எழுத்தறிவு விகிதங்களை ஒரே வட்டத்தில் துண்டு போடுவது அப்பட்டமான தவறு. 94-உம் 80-உம் ஒரே முழுமையின் பங்குகள் அல்ல, கூட்டினால் 100 வராது. ஆனாலும் மென்பொருள் மறுக்காமல் வரைந்து தந்துவிடும். பங்குகளாகவே இருந்தாலும் துண்டு ஆறேழுக்கு மேல் போனால் எது பெரிது என்று சொல்வது கஷ்டம். கோணத்தைவிட, ஒரே அச்சில் உள்ள இடத்தை மனிதக் கண் துல்லியமாக ஒப்பிடுகிறது என்று 1984-இல் கிளீவ்லண்ட், மெக்கில் என்ற புள்ளியியல் ஆய்வாளர்கள் இருவரும் சோதித்துக் காட்டினார்கள். 3டி வேண்டவே வேண்டாம். முன்பக்கம் இருக்கும் துண்டு சும்மாவே பெரிதாகத் தெரியும்.

எனக்கு மிகவும் கவலை தருவது சராசரிக்குள் விஷயம் மறைந்துபோவது. தமிழ்நாட்டின் 80.09 என்பது ஒற்றைப் பட்டை. அதைப் பிரித்தால் ஆண்கள் 86.77, பெண்கள் 73.44. பதிமூன்று சதவீதப் புள்ளிக்கு மேல் இடைவெளி. 2001-இல் இதே இடைவெளி சுமார் 18 புள்ளி. பத்து ஆண்டில் பெண்கள் எவ்வளவு எட்டிப் பிடித்திருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதுதான் இந்தத் தரவில் இருக்கும் உண்மையான செய்தி. ஒற்றைப் பட்டையில் அது வராது. ஆணுக்கு ஒரு கோடு, பெண்ணுக்கு ஒரு கோடு, இரண்டு ஆண்டுகள், அவ்வளவு போதும். தலைப்பிலும் 'தமிழ்நாட்டில் எழுத்தறிவு' என்று பொத்தாம்பொதுவாக எழுதாமல், 'ஆண்-பெண் எழுத்தறிவு இடைவெளி 18-இலிருந்து 13 புள்ளியாகக் குறைந்தது' என்றே எழுதுங்கள். அப்படி ஒரு வாக்கியம் எழுத வரவில்லை என்றால் சார்ட் இன்னும் தயாராகவில்லை.

மாவட்ட வரைபடத்துக்கு நிறம் தீட்டும்போது எண்ணிக்கையை வைக்காதீர்கள், விகிதத்தை வையுங்கள். எழுத்தறிவு பெற்றவர்களின் எண்ணிக்கையை வைத்தால், மக்கள் அதிகமுள்ள மாவட்டம் எதுவானாலும் அடர்த்தியாகத்தான் தெரியும். பரப்பளவும் ஏமாற்றும்: 2011-இல் சென்னை மாவட்டத்தில் 46 லட்சம் பேர், வரைபடத்தில் அது ஒரு பொட்டு; ஏழு லட்சம் பேர் இருந்த நீலகிரி பல மடங்கு இடம் பிடிக்கும்.

பட்டைகளை அகர வரிசையில் அடுக்குவதும் வேண்டாம். அன்றிருந்த 32 மாவட்டங்களையும் விகித வரிசையில் அடுக்கினால் மேலே கன்னியாகுமரி 91.75, கீழே தருமபுரி 68.54 என்று பார்த்தவுடன் புரியும். அப்புறம், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் கொடுத்து ஓரத்தில் லெஜண்ட் (எந்த நிறம் எதைக் குறிக்கிறது என்ற பட்டியல்) போடாதீர்கள். எல்லாவற்றையும் சாம்பல் நிறத்தில் விட்டுவிட்டு, பேசப்போகும் மாவட்டத்துக்கு மட்டும் அடர்நீலம் கொடுங்கள். சிவப்பு-பச்சை ஜோடியைத் தவிர்த்துவிடுங்கள்; நிறக்குருடு உள்ள பலருக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும், கருப்பு-வெள்ளை பிரிண்ட் எடுத்தால் எல்லோருக்குமே அப்படித்தான்.