மழைக்கால மலையில் கயிறு: எப்போது கட்டுவது, எப்போது கட்டாமல் இருப்பது

பொதிகை மலையில் பனிச்சரிவு கிடையாது. 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையிலும் இங்கே ஆளை வீழ்த்துவது தண்ணீர்தான். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை என ஆண்டில் பாதிக்கு மேல் பாறை பாசி பிடித்துக் கிடக்கும். ஆகவே பெரிய சிகரங்களுக்கான பாடங்களை விட்டுவிட்டு, நம் பக்கத்து மலையில் நேரக்கூடிய ஒரு விபத்தை வைத்தே விளக்குகிறேன். இதை வாசித்தபின், பயிற்சி பெற்ற ஒருவரின் கண் முன்னால், தரையில் நின்று பலமுறை செய்து பழகாமல் மலையில் முயல வேண்டாம். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் வனத்துறை அனுமதியின்றி நுழையவும் கூடாது.

உடன் வந்த நண்பர் ஈரப்பாறையில் வழுக்கி, பத்து மீட்டர் கீழே ஒரு திட்டில் உட்கார்ந்திருக்கிறார்; கணுக்கால் பிசகியிருக்கிறது.

முதல் படி: உட்காருங்கள். கயிற்றை எடுக்கும் முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, அவரோடு பேசுங்கள். கழுத்திலோ முதுகிலோ வலி என்றாலோ, கால் மரத்துவிட்டது என்றாலோ அவரை அசைக்காமல் 112-ஐ அழைப்பது ஒன்றே வழி. அப்படி எதுவும் இல்லையென்றால், சுற்றிப் போய் நடந்தே அவரை அடைய முடியுமா என்று பாருங்கள். முடியுமானால் கயிறு பைக்குள்ளேயே இருக்கட்டும். மலைமுகடு நமக்கு மேற்கே இருப்பதால், அம்பாசமுத்திரத்து வயலில் வெயில் அடிக்கும்போதே மலையடிச் சரிவில் நிழல் இறங்கிவிடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: கட்டுமிடம். வேண்டியது 10 அல்லது 11 மில்லிமீட்டர் தடிமனுள்ள, மேலே உறையும் உள்ளே இழைகளும் கொண்ட மலையேற்ற நைலான் கயிறு. கிணற்றில் தூர் வாரக் கட்டும் தேங்காய்நார் வடமும், துணி உலர்த்தும் கொடிக்கயிறும் இதற்கு ஆகா. தொடைக்கு மேல் பருமனுள்ள, பச்சையான, வேர் ஊன்றிய மரத்தைத் தேர்ந்தெடுங்கள். இம்மலைகளில் பாறை மேல் மெல்லிய மண்ணில் வேர் படர்ந்து நிற்கும் மரம் பார்வைக்குத்தான் உறுதி, ஆட்டினால் அடியோடு அசையும். கயிற்றை மரத்தில் நான்கு சுற்றுச் சுற்றிப் பிறகு நுனியைக் கட்டினால், பாரத்தை முடிச்சு தாங்காமல் சுற்றுகளே தாங்கும். முடிச்சில் பாரம் விழுந்தால் கயிறு தன் வலிமையில் ஏறத்தாழ கால் பங்கை இழக்கும். இரண்டு மரங்களில் கட்டுவதானால் அவற்றிலிருந்து வந்து சேரும் இரண்டு கயிறுகளுக்கிடையிலான கோணம் 60 பாகைக்குள் இருக்கட்டும். 120 பாகைக்கு விரிந்தால் ஒவ்வொரு மரத்தின் மேலும் முழுப் பாரமும் விழும், இரண்டு மரம் இருந்தும் பயனில்லை. கயிறு உரசும் பாறை விளிம்பில் சாக்கையோ பையையோ மடித்துப் போடுங்கள்.

மூன்றாம் படி: எட்டு முடிச்சு. நுனியிலிருந்து ஒரு முழுக்கை நீளம் விட்டு ஒரு கண்ணி போடுங்கள். நுனியை நீளும் கயிற்றின் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து கண்ணிக்குள் நுழைத்தால் 8 என்ற எண்ணின் வடிவம் தெரியும். அந்த நுனியை, இடுப்பிலும் தொடைகளிலும் அணியும் மலையேற்றப் பட்டையின் வளையத்தில் கோத்து, வந்த தடத்திலேயே எதிர்த்திசையில் திரும்ப ஓட்டுங்கள். முடிவில் எங்கு பார்த்தாலும் இரண்டிரண்டு கயிறாக, ஒன்றன் மேல் ஒன்று ஏறாமல் இணையாகக் கிடக்க வேண்டும். நான்கு முனைகளையும் தனித்தனியாக இழுத்து இறுக்குங்கள், மீதி நுனி ஒரு சாணாவது நிற்கட்டும். நண்பரிடம் பட்டை இல்லையென்றால், ஒரு பட்டையைக் கயிற்றில் இறக்கி அணியச் சொல்லுங்கள். அக்குளுக்கடியில் வெறும் கயிறு கட்டி ஒருவரைத் தொங்கவிட்டால் மூச்சு முட்டும்.

நான்காம் படி: பிடித்தல். தூக்குவது வேறு, பிடிப்பது வேறு. கனமான ஆளை ஈரச்சரிவில் மூன்று பேர் கைகளால் இழுத்துத் தூக்கிவிடலாம் என்பது தரையில் நிற்பவர்களின் கணக்கு. அவர் தன் கைகளாலும் நல்ல காலாலும் ஏறி வர, தளர்கிற கயிற்றை மட்டும் நீங்கள் மேலே வாங்கிக்கொள்ள வேண்டும். மரத்தில் மாட்டிய, திருகு பூட்டுள்ள கொக்கியில் இத்தாலிய முடிச்சு (கொக்கியில் உராய்ந்து கயிற்றின் ஓட்டத்தைத் தடுக்கும் முடிச்சு) போட்டால், தடுக்கும் பக்கத்துக் கயிற்றைப் பிடித்த கை கயிற்றை விடாதவரை அவர் விழமாட்டார்.

கை சோர்ந்தால் காப்பதற்கு 1931-இல் ஆஸ்திரியாவின் கார்ல் புருசிக் விளக்கிய உராய்வு முடிச்சு இருக்கிறது. 6 மில்லிமீட்டர் கயிற்று வளையத்தைப் பெரிய கயிற்றில் மூன்று முறை சுற்றிப் போட்டால், பாரம் விழுந்ததும் கவ்வும், தளர்த்தினால் நகரும். எங்கள் ஊர்ப் பனையேறியின் தளைநார் அறிந்தவர்களுக்கு இதில் புதுமை இராது: காலூன்றினால் மரத்தைக் கவ்வும், காலைத் தூக்கினால் நகரும். ஈரக் கயிற்றில் இது வழுக்கக்கூடும். இன்னொரு சுற்று கூட்டுங்கள். கயிற்றில் அசைவற்றுத் தொங்கும் ஒருவரின் நிலை நிமிடங்களில் மோசமாகும் என்பதால், அவரை உடனே கீழே இறக்கிவிட வேண்டும்.

ஐந்தாம் படி: ஓடை. கீழே இறங்கி வந்தபின் ஓடை பெருகியிருந்தால், கயிற்றை உடம்பில் கட்டிக்கொண்டு கடக்காதீர்கள். கால் இடறினால் கயிறு நம்மைப் பிடித்து நிறுத்த, வெள்ளம் நம்மை அமுக்கும். முழங்கால் அளவு வேகநீரே ஆளைச் சாய்க்கப் போதும். தெளிந்த நீர் செம்மண் நிறமாகி, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே எங்கோ பெருமழை பெய்திருக்கிறது என்று பொருள்; மேட்டுக்கு ஏறிவிடுங்கள். திருக்குறுங்குடி மலைநம்பி கோயிலிலிருந்து திரும்புகையில் ஒருமுறை இப்படி ஓடைக்கரையில் மாட்டிக்கொண்டோம். கயிறு இருந்தது, கடந்துவிடலாம் என்ற அவசரமும் என்னிடமே அதிகம் இருந்தது. உடனிருந்த பெரியவர் ஒரு குச்சியைத் தண்ணீரோரம் நட்டு, "குச்சி காயட்டும்" என்று உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரத்தில் நீர் குச்சியை விட்டு இரண்டடி விலகியது, நாங்கள் நடந்தே வந்தோம்.

இரவு தங்க நேர்ந்தால், நிமிடத்துக்கு ஆறு முறை விசில் ஊதி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடியும் ஊதுங்கள். பதிலாக நிமிடத்துக்கு மூன்று முறை கேட்டால், உங்கள் குரல் எட்டிவிட்டது. இருந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.