அறுபதாவது பந்தில் யார் நிற்கிறார்? பேஸ்பால் சீசனுக்கு முன் ஸ்டார்ட்டிங் பிட்சர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை

பொள்ளாச்சியோ கோபாலபுரமோ, எல்லை தாண்டி வேலந்தாவளமோ கொழிஞ்சாம்பாறையோ, எங்கே பேஸ்பால் அணி கூட்டினாலும் முதலில் வந்து நிற்பவர்கள் கிரிக்கெட் பையன்கள்தான். அதனால் பிட்சர் (பேட்டருக்குப் பந்து எறிகிறவன்) தேர்வில் நடக்கும் முதல் தவறும் கிரிக்கெட் தவறுதான்: யார் வேகமோ அவன் கையில் பந்து.

வேகம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டார்ட்டரின், அதாவது ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் பிட்சரின், வேலை வேறு. எதிரணியின் ஒன்பது பேட்டர்களையும் ஒரு சுற்று முடித்து, இரண்டாம் சுற்றும், முடிந்தால் மூன்றாம் சுற்றும் அவனே போட வேண்டும். முதல் சுற்றில் திணறிய பேட்டர் மூன்றாவது முறை வரும்போது எந்தப் பந்து எப்படி வரும் என்று தெரிந்துகொண்டு நிற்பான். போடுகிறவன் கையோ அதற்குள் தளர்ந்திருக்கும். ஆகவே நாம் பார்க்க வேண்டியது முதல் பத்துப் பந்தை அல்ல, ஐம்பதுக்கு மேல் என்ன நடக்கிறது என்பதைத்தான்.

கீழே உள்ளது 17, 18 வயதுப் பையன்களுக்கான முறை. முதல் ஆட்டத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்குங்கள்.

ஆள் பிடித்தல்

வேகப்பந்து வீசுகிறவனை விட, எல்லைக்கோட்டில் நின்று விக்கெட் கீப்பர் கைக்குத் தாழ்வாக, நேராக எறிகிறவனைத் தேடுங்கள். பவுலிங்கில் முழங்கையை மடக்கி நீட்டக் கூடாது. பிட்சிங்கில் மடக்கித்தான் எறிய வேண்டும். பல வருடம் பவுலிங் போட்டவனுக்கு அந்தப் பழக்கம் லேசில் விடாது. பள்ளியில் ஈட்டி எறிகிறவன் இருந்தால் அவனையும் கூப்பிடுங்கள். 2008 இல் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி ஒப்பந்தம் செய்த ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும் ஈட்டி எறிந்தவர்கள்தான். அந்த வருடம் நடந்த தேர்வுப் போட்டிக்கு வரும்வரை பேஸ்பாலைத் தொட்டதே இல்லை.

போன வருட ஸ்கோர் புத்தகம்

பழைய ஆட்டக்காரர்கள் இருந்தால் முதலில் புத்தகத்தைத் திறங்கள். இங்கே ஒரு பொறி உண்டு. இன்னிங்ஸ் கணக்கில் 1.2 என்றால் ஒன்று புள்ளி இரண்டு இல்லை. ஒரு இன்னிங்ஸும் இரண்டு அவுட்டும்; மூன்று அவுட் ஒரு இன்னிங்ஸ் என்பதால் 1.667. ஒருவன் அதில் 2 ரன் கொடுத்திருந்தால் ஈ.ஆர்.ஏ. (ஃபீல்டர் தவறால் வந்ததை விட்டு, ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாகக் கொடுக்கும் ரன்) 9 × 2 ÷ 1.667 = 10.8. அப்படியே 1.2 என்று கால்குலேட்டரில் தட்டினால் 15.0 வரும். பாவம், பையன் ஒரு எண்ணால் அணியை விட்டே போவான்.

சரியாகக் கணக்கிட்டாலும் ஈ.ஆர்.ஏ.வை அதிகம் நம்ப வேண்டாம். நம் மைதானங்களில் ஃபீல்டர் எட்டிப் பிடிக்காத பந்தெல்லாம் ஹிட் என்று எழுதப்பட்டு, கடைசியில் பிட்சர் தலையில்தான் விழும். அவன் கையில் மட்டும் இருப்பவை முக்கியமாக ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டர் அவுட்), வாக் (நான்கு தவறான பந்தில் பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போவது) இரண்டும்தான். ஸ்ட்ரைக்அவுட்டில் இருந்து வாக்கைக் கழித்து, எதிர்கொண்ட பேட்டர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 90 பேட்டர்களுக்கு 22 ஸ்ட்ரைக்அவுட், 9 வாக் என்றால் 13 ÷ 90, கிட்டத்தட்ட 14 சதவீதம். இன்னொருவன் 84 பேட்டர்களுக்கு 20 ஸ்ட்ரைக்அவுட், 19 வாக் என்றால் ஒரு சதவீதம்தான் நிற்கும். ஸ்ட்ரைக்அவுட்டை மட்டும் பார்த்தால் இருவரும் ஒன்றுபோல் தெரிவார்கள்.

மேடு கட்டுதல்

பிட்சர் மண்மேட்டில் நின்றுதான் எறிவான், சமதரையில் சோதிக்காதீர்கள். மேட்டில் ஏறியதும் முன்கால் இறங்கும் இடம் தாழ்ந்துவிடும். பந்தை விடும் நேரம் மாறும். சமதரையில் பழகிய குறியெல்லாம் தப்பிப்போகும்.

பிட்சர் கால் வைத்து எறிவதற்காக மேட்டில் பதிக்கும் ரப்பர் பலகை 61 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். அதன் முன்விளிம்பில் இருந்து, பேட்டர் பக்கத்தில் நிற்கும் ஹோம் பிளேட்டின் பின்முனை வரை 18.44 மீட்டர். உயரம் 25.4 செ.மீ. பலகைக்கு 15 செ.மீ. முன்னால் சரிவு தொடங்க வேண்டும். பிறகு ஒவ்வொரு 30 செ.மீ.க்கும் 2.5 செ.மீ. இறக்கம். வெறும் செம்மண்ணால் கட்டினால் பத்தே பந்தில் முன்கால் விழும் இடம் குழியாகிவிடும். பையன் குழிக்குப் பயந்து அடியைக் குறைப்பான், வேகமும் குறையும், நீங்கள் கை தளர்ந்துவிட்டது என்று எழுதுவீர்கள். பலகைக்கு முன்னால் ஒன்றே கால் மீட்டரில் இருந்து இரண்டு மீட்டர் வரை செங்கல் சூளைக் களிமண்ணை ஈரமாகப் போட்டுத் திம்சுக் கட்டையால் நன்றாக அடித்து இறுக்குங்கள்.

பந்து 142 முதல் 149 கிராம் இருக்க வேண்டும். புதுப்பந்தின் தோல் வழுக்கும். அமெரிக்க மேஜர் லீக்கிலேயே டெலவேர் ஆற்றுப் பக்கத்துச் சேற்றைத் தடவித்தான் ஆட்டத்துக்கு எடுக்கிறார்கள். நமக்குக் குளத்து வண்டலை நைசாகச் சலித்து, ஈரக்கையால் லேசாகத் தேய்த்தால் போதும்.

ஸ்ட்ரைக் சட்டம்

ஹோம் பிளேட்டின் இரு பக்கமும் மூங்கில் நட்டு, பிளேட்டின் முன்விளிம்புக்கு நேர் மேலே ஒரு சட்டம் கட்டுங்கள். அதன் வழியே போகும் பந்துதான் ஸ்ட்ரைக். அகலம் 43 செ.மீ. சராசரி உயரப் பையனுக்குக் கீழ்க்கோடு தரையில் இருந்து சுமார் 45 செ.மீ., மேல்கோடு சுமார் 105 செ.மீ. கயிறு கைக்குக் கிடைக்கிறதே என்று தென்னைநார்க் கயிற்றைக் கட்டிவிடாதீர்கள். பந்து பட்டால் திசை மாறி, பின்னால் பந்தைப் பிடிக்கும் கேட்சரின் தொண்டைக்குப் போகும். தையல் கடையில் கிடைக்கும் மெல்லிய எலாஸ்டிக் போதும். கேட்சருக்கு முகமூடியும் மார்புக் கவசமும் இல்லாமல் ஒரு பந்துகூட வேண்டாம்.

வேகம் அளத்தல்

ரேடார் கன் இல்லாவிட்டால் போன் போதும். விநாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோ மோஷனில், பிட்சரும் பிளேட்டும் ஒன்றாகத் தெரியும்படி பக்கவாட்டில் தள்ளி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பந்து கையை விட்ட ஃபிரேமில் இருந்து பிளேட்டைத் தொடும் ஃபிரேம் வரை எண்ணுங்கள். கை முன்னால் நீண்டு விடுவதால் பந்து பறக்கும் தூரம் சுமார் 16.8 மீட்டர்தான். 14,515 ஐ ஃபிரேம் எண்ணிக்கையால் வகுத்தால் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வரும். 126 ஃபிரேம் என்றால் 115. இது வழியெல்லாம் சேர்ந்த சராசரி. கையை விடும்போது வேகம் இன்னும் கொஞ்சம் கூடுதல். ஒரு ஃபிரேம் தவறினால் ஒரு கி.மீ. பிசகும், அது பரவாயில்லை. சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் எண்ணினால் ஒரு ஃபிரேமுக்கு ஏழு கி.மீ. பிசகும். அந்த எண்ணை வைத்து ஆள் எடுப்பதற்குச் சீட்டுக் குலுக்கலாம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்றை மறக்காதீர்கள். ஆனி, ஆடியில் மேற்கே இருந்து அடிக்கும் காற்று வெயில் ஏற ஏறத் தானும் ஏறும். எதிர்காற்றில் கர்வ் பந்து கூடுதலாக வளையும், பின்காற்றில் வளைவு குறையும். எல்லோரையும் ஒரே திசையில், காலை எட்டு மணிக்குள் போட வையுங்கள்.

அறுபது பந்துச் சோதனை

முதல் இரண்டு வாரம் தூர எறிதல் மட்டும். மூன்றாம் வாரம் மேட்டில் 25 பந்து, நான்காம் வாரம் 40. ஐந்தாம் வாரம்தான் சோதனை: 15 பந்து வீதம் நான்கு கட்டம், நடுவில் எட்டு நிமிட ஓய்வு. அந்த எட்டு நிமிடம் அவன் அணி பேட்டிங் செய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் ஐந்து பந்தாவது சேஞ்சப் அல்லது கர்வ் இருக்கட்டும். சேஞ்சப் ஃபாஸ்ட்பாலை விட 12 முதல் 18 கி.மீ. குறைவாக வர வேண்டும். ஆனால் கை அசையும் வேகம் மாறக் கூடாது. கை மெதுவானால் அடுத்த ஊர் பேட்டர்கூடக் கண்டுபிடித்துவிடுவான்.

நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருக்கும். முதல் பையன்: நான்கு கட்டத்தில் ஸ்ட்ரைக் 10, 10, 9, 9; ஃபாஸ்ட்பால் வேகம் 113, 113, 111, 110. இரண்டாமவன்: ஸ்ட்ரைக் 10, 8, 7, 5, வேகம் 121, 120, 114, 109. முதல் கட்டத்தோடு நோட்டை மூடியிருந்தால் இரண்டாமவன்தான் ஸ்டார்ட்டர். நான்காவதைப் பார்த்த பிறகு முதலாமவன் ஸ்டார்ட்டர். இரண்டாமவன் கடைசி ஒரு இன்னிங்ஸுக்கு அருமையான ரிலீவர் (நடுவில் மாற்றாக வரும் பிட்சர்). வேகம் ஐந்து சதவீதத்துக்கு மேல் சரிந்தாலோ, மொத்த ஸ்ட்ரைக் 36க்குக் கீழே இருந்தாலோ ஸ்டார்ட்டர் பட்டியலில் வைக்காதீர்கள் என்பது எங்கள் அளவுகோல்.

எண்ணுக்கு முன்னால் உடல் காட்டிக்கொடுக்கும். பந்து மேலே மேலே போகத் தொடங்கும், முழங்கை தோளுக்குக் கீழே இறங்கும், இரண்டு பந்துக்கு நடுவில் தொப்பியைச் சரிசெய்யும் நேரம் கூடும். மூன்றும் சேர்ந்து வந்தால் எண்ணிக்கை எதுவானாலும் நிறுத்துங்கள். மறுநாள் "வலிக்குதா?" என்று கேட்டால் "இல்லீங்ணா" என்றுதான் பதில் வரும். "காலைல சட்டை போடறப்போ கை எங்கடா இழுத்துது?" என்று கேளுங்கள். தோளின் பின்புறம் லேசான இறுக்கம் என்றால் ஓய்வு போதும். முழங்கையின் உட்புறம் என்று தொட்டுக் காட்டினால் பந்தை வாங்கி வைத்துவிட்டு டாக்டரிடம் அனுப்புங்கள். அங்கேதான் பிட்சர்களின் தசைநார் கிழியும்.

எத்தனை பேர் வேண்டும்?

அறுபதோடு நிறுத்தச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மேஜர் லீக் பேஸ்பாலும் யு.எஸ்.ஏ. பேஸ்பாலும் வெளியிட்ட பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டியில் 17, 18 வயதுக்கு 30 பந்து வரை ஓய்வு வேண்டாம். 31 முதல் 45 வரை ஒரு நாள். 46 முதல் 60 வரை இரண்டு நாள். 61 முதல் 80 வரை மூன்று நாள். 81க்கு மேல் நான்கு நாள். ஒரே நாளில் 105 தான் உச்சம். பிட்சராகப் போட்டவனை அதே ஆட்டத்தில் கேட்சராக உட்கார வைக்கவும் கூடாது.

மேஜர் லீக்கில் ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்துப் போடுவார்கள். நம் போட்டிகள் மூன்று, நான்கு நாளில் அடுத்தடுத்து முடிந்துவிடும். முதல் நாள் 60 பந்து போட்டவன் நான்காம் நாள்தான் திரும்ப வர முடியும். 61 ஆகிவிட்டால் ஐந்தாம் நாள். ஆக மூன்று ஸ்டார்ட்டர் கட்டாயம், நான்காவதாக ஒருவன் கைவசம். மூன்றாம் இடத்துக்கு இருவர் சமமாக வந்தால் இடதுகைக்காரனை எடுங்கள். ஆறாம் வாரம் 30 பந்து மட்டும் போட வைத்து வேகத்தைச் சரிபாருங்கள். சோதனையின் முதல் கட்ட எண்ணுக்குத் திரும்பாதவனுக்கு முதல் ஆட்டம் வேண்டாம், மூன்றாம் நாள் கொடுங்கள்.