லென்ஸுக்கு முன்னால் தூரம்: போர்ட்ரெய்ட்டுக்கு எதை வாங்குவது?

போர்ட்ரெய்ட் எடுக்க எந்த லென்ஸ் வாங்கலாம் என்று யார் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். நீங்கள் படம் எடுக்கப்போகும் இடத்தில், எதிரே இருப்பவரிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ளி நிற்க முடியும்? லென்ஸைப் பற்றி மாதக்கணக்கில் படித்தவர்கள்கூட இதை அளந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இது அக்காவால் புரிந்தது. கேமரா வாங்கிய புதிதில், கிராப் சென்சார் (படம் பதியும் சென்சார் சிறியதாக உள்ள) கேமரா பாடியில் 35 மி.மீ. லென்ஸைப் போட்டு, முகம் ஃப்ரேமை நிறைக்கும்வரை நெருங்கிப்போய் அவளைப் படமெடுத்தேன். வெளிச்சம் நன்றாக இருந்தது, கண் பளிச்சென்று வந்திருந்தது. படத்தைப் பார்த்தவள், "என் மூக்கு இவ்வளவு பெரிசாடா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப்பிறகு பல மாதம் கேமரா முன்னால் உட்காரவே இல்லை. அவள் மூக்கில் ஒரு குறையும் கிடையாது. நான் நின்ற இடம்தான் தப்பு.

கணக்கு எளிது. மூக்கு நுனிக்கும் காதுக்கும் நடுவே 12 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கேமரா மூக்கிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் இருந்தால் காது 62 செ.மீ. தள்ளி இருக்கும். ஆகவே காதோடு ஒப்பிட்டால் மூக்கு 24 சதவீதம் பெருத்துத் தெரியும். ஒன்றரை மீட்டருக்குப் பின்வாங்கினால் இது 8 சதவீதம், 2 மீட்டரில் 6. இதில் லென்ஸின் பங்கு எதுவும் இல்லை. ஒரே இடத்தில் நின்று 35-லும் 85-லும் எடுத்து, 35-ல் வந்த முகத்தை மட்டும் வெட்டிப் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டிலும் முக அமைப்பு ஒன்றாகவே இருக்கும். முகத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது தூரம். அந்தத் தூரத்திலிருந்து எவ்வளவு இடம் ஃப்ரேமுக்குள் வரும் என்பதைத்தான் லென்ஸ் தீர்மானிக்கிறது. மி.மீ. எண் கூடக்கூட அந்த இடம் சுருங்கும்.

அதனால் கடைக்குப் போவதற்கு முன்னால் டேப்பை எடுங்கள். கேமராவைச் செங்குத்தாகப் பிடிக்கும்போது, ஃப்ரேமுக்குள் வரவேண்டிய உயரத்தை லென்ஸின் மி.மீ. எண்ணால் பெருக்கி 36-ஆல் வகுத்தால், ஏறக்குறைய எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று தெரிந்துவிடும். இது ஃபுல் ஃப்ரேமுக்கு, அதாவது சென்சாரின் நீளப்பக்கம் 36 மி.மீ. உள்ள கேமராவுக்கு. கிராப் சென்சார் என்றால் 24-ஆல் வகுங்கள்.

தலை முதல் மார்புக்குக் கீழ்வரை, 85 செ.மீ. உயரம் வேண்டும் என்று வையுங்கள். ஃபுல் ஃப்ரேமில் 35 மி.மீ. என்றால் 80 செ.மீ. தூரத்தில் நிற்க வேண்டும், 50 என்றால் 1.2 மீட்டர், 85 என்றால் 2 மீட்டர், 135 என்றால் 3.2 மீட்டர். தலை முதல் கால்வரை எடுக்க 2 மீட்டர் உயர ஃப்ரேம் வேண்டுமானால், 85-க்கே 4.7 மீட்டர் தேவைப்படும், 135-க்கு 7.5.

நான் 135 வாங்கியபோது இதைச் செய்யவில்லை. என் அறை சுவருக்குச் சுவர் 4 மீட்டர். பின்னணி மங்க வேண்டுமென்றால் நாற்காலியைச் சுவரிலிருந்து 1 மீட்டராவது தள்ளிப் போடவேண்டும். நான் நிற்க அரை மீட்டர். மிஞ்சுவது இரண்டரை. தோள்வரை எடுக்க அது போதும். ஆனால் எனக்குப் பிடித்தது மடியில் கை வைத்து உட்கார்ந்திருக்கும் படம். வயதானவர்களின் கைகள் முகத்துக்குச் சமமாகப் பேசும், அவற்றை ஃப்ரேமுக்கு வெளியே விட்டுவிட எனக்கு மனம் வராது. அந்த 1 மீட்டர் உயரத்துக்கு 135-ல் 3.75 மீட்டர் வேண்டும், 85-ல் 2.4 போதும். இப்போது என் கேமராவில் எப்போதும் இருப்பது 85.

இன்னொரு காரணமும் உண்டு. 2 மீட்டரில் சாதாரணக் குரலில் பேசிக்கொண்டே எடுக்கலாம். 4 மீட்டர் தள்ளிப் போனால் குரலை உயர்த்த வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் அப்போதே விறைத்துவிடுவார்கள்.

கிராப் சென்சார் வைத்திருப்பவர்களுக்கு 85-ன் வேலையை 50 அல்லது 56 மி.மீ. செய்யும். அதைவிடச் சிறிய சென்சார் உள்ள மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 42.5 அல்லது 45. உங்களிடம் கேமராவோடு வந்த 18-55 மி.மீ. ஜூம் லென்ஸ் இருந்தால் உடனே எதுவும் வாங்காதீர்கள். ஒரு வாரம் முழுக்க 55-லேயே வைத்து ஆட்களைப் படமெடுங்கள், அடுத்த வாரம் 35-ல். எதில் இடம் போதவில்லை, எதில் முகம் பிடிக்கவில்லை என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

அப்புறம் அப்பர்ச்சர், அதாவது வெளிச்சத்தை உள்ளே விடும் லென்ஸின் திறப்பு. எஃப் எண் சிறிதாகச் சிறிதாகத் திறப்பு பெரிதாகும். முகங்களுக்கென்றே கணக்கிட்டுச் செய்த முதல் லென்ஸ் 1840-ல் வியன்னாவில் யோசெஃப் பெட்ஸ்வால் வடிவமைத்தது. அதன் அப்பர்ச்சர் எஃப் 3.6. ஒரு படத்துக்கு நிமிடக்கணக்கில் அசையாமல் உட்கார வேண்டியிருந்த காலத்தில் அந்தத் திறப்பு பெரிய விடுதலை. இன்று ஐ.எஸ்.ஓ.-வை (கேமராவின் ஒளியுணர்வு அளவை) ஏற்றிக்கொள்ளலாம் என்பதால், அகலத் திறப்பை நாம் பெரும்பாலும் பின்னணியை மங்கலாக்கத்தான் தேடுகிறோம். ஆனால் ஃபுல் ஃப்ரேமில் 85 மி.மீ. லென்ஸை எஃப் 1.4-ல் திறந்து ஒன்றரை மீட்டரில் எடுத்தால், தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய 2.5 செ.மீ. மட்டுமே. முகம் கொஞ்சம் திரும்பினால் ஒரு கண் தெளிவாகவும் மறு கண் மங்கலாகவும் போய்விடும். எஃப் 2.8-ல் 5 செ.மீ. கிடைக்கும், எஃப் 4-ல் 7. நான் எடுப்பதில் பெரும்பகுதி எஃப் 2.8-ல்தான். பின்னணி மங்கவில்லை என்றால் நாற்காலியைச் சுவரிலிருந்து இன்னும் முன்னால் இழுப்பேன். எஃப் 1.8 லென்ஸ் எனக்கு எதிலும் குறைவைக்கவில்லை. 1.4 லென்ஸ் கனமும் விலையும் கூடியது, ஆனால் வெளிச்சத்தில் கிடைப்பது முக்கால் ஸ்டாப்பைவிடக் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு).

ஓடியாடும் குழந்தைகளை வெளியில் எடுப்பவர்களுக்கு 70-200 மி.மீ. ஜூம் சரிதான். எஃப் 2.8 லென்ஸ் ஒன்றரைக் கிலோ வரை வரும், அதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

பழைய லென்ஸ் என்றால் இரண்டு பக்க மூடியையும் கழற்றி, போன் டார்ச்சைப் பின்பக்கம் பிடித்து முன்னாலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல் கோடுகள் தெரிந்தால் ஃபங்கஸ் (பூஞ்சை). அப்பர்ச்சர் தகடுகளில் எண்ணெய்ப் பளபளப்பும் இருக்கக் கூடாது. தூசி இரண்டு துளி இருந்தால் கவலைப்படாதீர்கள்.

புதிதோ பழையதோ, கூட வந்தவரைக் கடைக்குள்ளேயே உட்காரவையுங்கள். முகத்தைச் சற்றே திருப்பச் சொல்லி, கேமராவுக்கு அருகிலுள்ள கண்ணில் ஃபோகஸ் வைத்து, முழுத் திறப்பில் பத்து படம் எடுங்கள். ஒவ்வொன்றையும் பெரிதாக்கி இமைமுடியைப் பாருங்கள். பாதிக்கு மேல் தவறினால் எஃப் 2.8-ல் இன்னொரு பத்து. அதிலும் இமைமுடி மங்கலாகவே வந்தால் அந்த லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அதே மாடலில் வேறொன்றைக் கேளுங்கள்.